நெல் தூற்றிய ஏரோப்ளேன்

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொல்வது: இதில் ஒரு சொல் பொய்யானாலும் சொன்னவன் நாக்கு அடுத்த அமாவாசைக்குள் அழுகட்டும். பாலக்காட்டு எல்லையோரம் பெருமாட்டி ஊர்ப் பக்கம் நடந்தது. நடந்தது நடந்தபடி.

சிவசங்கரிக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். சாதாரண நாளில் புருசன் மோகனசுந்தரத்தை ஒரு "ஏனுங்க"வோடு விடுகிறவள், கோபத்தில் சொல்லுக்குச் சொல் "ங்க" போடுவாள். பதினோரு மாதமாக அவள் "ங்க" போடாத சொல்லே இல்லை. ஏரோப்ளேன் வந்து பதினோரு மாதம்.

ரெண்டு பேர் உட்காரும் பழைய ஏரோப்ளேன். முப்பத்திரண்டு லட்சம். சல்லிசு என்றான் மோகனசுந்தரம். கிணறு வெட்டப் போகிறவன் பூசைக்கு உடைத்த தேங்காயைச் சல்லிசு என்கிற மாதிரி. பின்னாலேயே கொட்டகை வந்தது, இன்சூரன்ஸ் வந்தது. ஒரு சக்கரம் மாற்றிய காசுக்குச் சிவசங்கரி கறவை எருமை வாங்கியிருப்பாள். பறக்க அனுமதிக் காகிதம் வருகிறவரை பைலட் ஒருத்தர் களத்தோரம் சீட்டாடி மாசச் சம்பளம் வாங்கினார். காகிதம் வரவில்லை. அவர் ரம்மியில் தேறிவிட்டார்.

அன்றைக்கு வருசச் சோதனைக்கு எஞ்சினியர் ஜோஜோ வந்தான். மூணாறு பக்கம் பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து ஏரோப்ளேன் படிப்புப் படித்தவன். உள்ளே தலையை விட்டு மீட்டரைப் பார்த்தவன் வெளியே எடுக்கவே இல்லை.

"அண்ணே, எஞ்சின் ரெண்டாயிரத்துப் பதினோரு மணிநேரம் ஓடிருக்கு. எத்தன தடவ பறந்துச்சு?"

"பறக்கறதுக்கு எங்கீங்க நேரம்?" என்றான் மோகனசுந்தரம். "காலைல நெல்லுத் தூத்தோணும். மத்தியானம் கொப்பரை காயப்போடோணும். விசிறிக் காத்து அருமைங்க. அக்கம்பக்கத்து நெல்லெல்லாம் நம்ம களத்துலதான்."

"தரையில நிக்கவச்சா ஓட்டுனீக?"

"பம்புசெட்டுனா தினம் ஓட்டோணுமுங்க. ஓட்டாட்டி இறுகிப் போகுமில்லீங்க?"

ஜோஜோ கிணற்று மோட்டாரைப் பார்த்தான், ஏரோப்ளேனைப் பார்த்தான். "நின்னு ஓடுனாலும் கணக்கு கணக்குதான்ணே. ரெண்டாயிரம் தாண்டிருச்சு. எஞ்சினக் கழட்டி முழுசாப் புதுப்பிக்கணும். இருபத்தெட்டு லட்சம். அதுவரைக்கும் விசிறியக்கூடத் தொடாதீக."

மோகனசுந்தரம் நேராக ஊட்டுக்குள் போய்ப் பீரோ சாவியைக் கேட்டான். உள்ளே இருந்தது சிவசங்கரியின் அப்பன் எழுதிவைத்த எழுபது தென்னைத் தோப்பின் ஆதாரப் பத்திரம். அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்தது அந்தத் தோப்பு ஒன்றுதான்.

"இது ஒரு தடவைதான் சங்கரி. எஞ்சின் சரியாயிட்டா..."

"சரியாயிட்டாங்க?" அவள் குரல் பக்கத்துத் தோட்டம் வரை போனது. "மறுக்காவும் நெல்லுத் தூத்துவீங்களாங்க? முறத்துக்கு என்னங்க கேடு வந்துச்சுங்க? முறத்துக்கு இன்சூரன்ஸ் கட்டோணுமுங்களா? முறத்துக்குப் பைலட்டுங்களா? எங்கப்பன் தென்னைக்குக் குடத்துல தண்ணி ஊத்துனவருங்க. அதை வித்துக் காத்து வாங்கோணுமுங்களா? ஆடி மாசம் கணவாயில சும்மா வருதேங்க காத்து, அதுக்கு யாருங்க பில்லுப் போட்டாங்க?"

"நீ பொம்பள, உனக்கு மிஷின் தெரியாது."

அங்கேதான் "ங்க" நின்றது.

"போடா," என்றாள் சிவசங்கரி.

ஜோஜோ கைப்பையை எடுத்துக்கொண்டு மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் போய் நின்றான். அவள் அரிவாளோடு களத்துக்கு வந்தாள். ஏரோப்ளேனை ரெண்டு தென்னையில் கட்டியிருந்த கயிறு நாலும் நாலே வெட்டில் போயின. பாலக்காட்டுக் கணவாய்க்குள் மேற்கிருந்து வந்த ஆடிக் காற்று இறக்கைக்குக் கீழே புகுந்து, ஒரு குலுக்குக் குலுக்கி, தூக்கியது. ஆள் இல்லை, எஞ்சின் ஓடவில்லை, அனுமதிக் காகிதமும் இல்லை. எழுபது தென்னைக்கும் மேலே, ஒரு மட்டைகூட உரசாமல், அது கிழக்கே போனது. பதினோரு மாதத்தில் ஒரு பைசாச் செலவில்லாமல் ஓடியது அந்த ஒரு நேரம்தான்.

எல்லைச் சோதனைச்சாவடியில் தக்காளி லாரிக்குப் பின்னால் வரிசை தவறாமல் இறங்கி நின்றதாகப் போன் வந்தது. ஒரு மணி நேரத்தில் இன்னொரு போன்: தமிழ்நாட்டு எல்லைக்குள் நிற்பதால் வாடகை உண்டு, எடுத்துப்போக வருகிறவர் பதினாறு காகிதம் கொண்டுவர வேண்டும்.

மோகனசுந்தரம் மறுபடி சாவிக்குக் கையை நீட்டினான்.

"எடுத்துட்டு வாங்க, வேண்டாங்கல," என்றாள் சிவசங்கரி. மரியாதை திரும்பியிருந்தது, கோபம் போயிருக்கவில்லை. "ஆனா உங்க பங்குப் பூமிய வித்துங்க." பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, முறத்தை எடுத்துக் களத்துக்குப் போனாள். அந்த வருசம் தோப்பில் காய் அதிகம்.

மோகனசுந்தரத்துக்கு இன்றைய தேதி வரை கல்யாணம் ஆகவில்லை. கற்பூரம் அணைத்துச் சொன்னவன் நாக்குக்கு அமாவாசை வரை நேரம் இருக்கிறது.