ருத்திலியோவின் பச்சைச் சத்தியம்

வலது காலின் சுண்டுவிரல் கறுக்கத் தொடங்கியபோது ருத்திலியோ முதலில் சந்தேகப்பட்டது தன் ஷூவை. கறுப்பும் வெள்ளையுமாகப் பளபளக்கும் அந்த ஷூவைப் போட்டுக்கொண்டுதான் அவர் சனிக்கிழமைதோறும் மெக்சிகோவின் வெராக்ரூஸ் நகரச் சதுக்கத்தில் மனைவி கசில்தாவோடு தான்சோன் என்ற ஜோடி நடனம் ஆடுவார். துறைமுகத்தில் லாரிகளை எடை போடுவது அவர் வேலை. ஊரார் எடையைப் பார்த்தே பொழுது போய்விட்டதால் தன் எடையைப் பார்க்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஷூ குற்றமற்றது, குற்றவாளி சர்க்கரை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மாத்திரையை ஒழுங்காக விழுங்குங்கள், நடங்கள், தட்டில் விழுவதைக் குறையுங்கள் என்றார். டிசம்பரில் மறுபடி ரத்தம் பார்ப்பேன், சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும், அதன்பின் பாதத்துக்கும் உத்தரவாதம் இல்லை என்றும் சொன்னார். ருத்திலியோவுக்கு மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை. பாதம் என்றதும்தான் முகம் வெளிறியது. பாதம் போனால் ஆட்டம் போகும். ஆட்டம் போனால் அவரிடம் மிச்சம் இருப்பது தொப்பையும் ஓர் எடைமேடையும்தான்.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கசில்தாவின் தங்கை சொன்னது மட்டும் அவருக்குப் பிடித்துப்போயிற்று: காலையில் வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் பச்சைச் சாறு. சப்பாத்திக்கள்ளி மடல், செலரித் தண்டு, பார்ஸ்லி, வெள்ளரி எல்லாம் போட்டு அரைத்தது. ஏன் பிடித்தது என்றால், அதில் எதையும் விடவேண்டியதில்லை. ஒன்றைக் குடித்தால் போதும். விடுகிற வைத்தியத்தைவிடக் குடிக்கிற வைத்தியம் எந்த ஆணுக்கும் உசத்திதானே.

கசில்தா அவரை நம்பவில்லை. முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள் எப்படி நம்புவாள்? எங்கள் பக்கம் ஆண்பிள்ளை சொல்லுக்கு மதிப்பு வரவேண்டுமானால் அவன் குவாதலூப்பே மாதா முன்னால் முழங்காலிட்டுச் சத்தியம் செய்யவேண்டும். குடிகாரர்கள் அப்படித்தான் ஆறு மாதம், ஒரு வருஷம் என்று தவணை வைத்துக் குடியை விடுவார்கள். மீறியவனை மாதா சும்மா விடமாட்டாள். ருத்திலியோவின் நண்பர் மெல்கியாதெஸ் சத்தியத்தை மீறிய அன்று மாலையே படகுத்துறையிலிருந்து வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். அவர் அப்போது முட்டக் குடித்திருந்தார் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் கசில்தா கணவனைக் கோயிலில் சத்தியம் செய்ய வந்த குடிகாரர்கள் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினாள். முன்னும் பின்னும் நேற்றைய சாராயம் மணத்தது. ஃபாதர் அன்செல்மோ எதை விடப்போகிறாய் என்று வழக்கம்போலக் கேட்டார்.

"விடலை சாமி. குடிக்கப்போறேன்," என்றார் ருத்திலியோ.

வரிசையில் சிரிப்பு கிளம்பியது. ஃபாதர் விவரம் கேட்டுக்கொண்டு ஆசீர்வதித்தார். வருகிற பிப்ரவரி மெழுகுதிரித் திருநாள் வரை தினமும் விடியலில், வெறும் வயிற்றில், ஒரு பெரிய தம்ளர் பச்சைச் சாறு குடிப்பேன் என்று ருத்திலியோ மார்பில் கைவைத்துச் சொன்னார். கசில்தா இன்னும் இரண்டு வார்த்தை சேர்க்கலாம் என்று வாயைத் திறந்தாள். பின்னால் நின்றவர், வேலைக்குப் போகணும் நகருங்கம்மா என்று விரட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு என்ன வேலையோ.

மறுநாள் காலை சந்தை மூலையில் நிக்கோலாசாவின் சாற்றுக் கடையில் ருத்திலியோவின் தவம் தொடங்கியது. கள்ளி மடலின் கொழகொழப்பு தொண்டையில் இறங்க மறுத்தது. கண்ணில் நீர் முட்ட அவர் நின்ற கோலத்தைப் பார்த்து நிக்கோலாசாவுக்கு மனசு கேட்கவில்லை. நல்ல வாடிக்கை கைநழுவிப் போவதும் அவள் மனசு கேட்காத விஷயங்களில் ஒன்று.

"ஒரே ஒரு ஆரஞ்சு பிழிஞ்சு விடட்டுமா ராசா? மாதா கோவிச்சுக்க மாட்டா."

மாதா கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் அன்னாசி வந்தது. பிறகு கொய்யா, பிறகு ஒரு கரண்டி தேன், தேனுக்குத் துணையாக இன்னொரு கரண்டி தேன். கள்ளி மடல் மரியாதைக்கு ஒரு துண்டு விழுந்தது. ருத்திலியோ தம்ளரிலிருந்து ஒரு லிட்டருக்கு உயர்ந்தார். பக்தி வளர்ந்தால் அளவும் வளரத்தானே வேண்டும்?

சாறு முடிந்ததும் நேரே காப்பிக்கடை. கரண்டியால் கண்ணாடித் தம்ளரைத் தட்டினால் பால் கெண்டியோடு ஆள் ஓடிவருவான். கூடவே வெண்ணெய் தடவிய இனிப்பு ரொட்டி இரண்டு. உள்ளே ஏற்கெனவே எல்லாவற்றையும் பச்சைச் சாறு கழுவி வைத்திருக்கிறதே, இனி எதை ஊற்றினாலும் என்ன கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. எடைமேடைக்கு வரும் லாரிக்காரர்களுக்கெல்லாம் உபதேசம் நடந்தது. உடம்பு பறக்கிறதாம், தோல் மினுக்குகிறதாம். விரல் மட்டும் யார் பேச்சையும் கேட்காமல் கறுத்துக்கொண்டே போனது.

கசில்தா, பாவம், பூரித்துப்போயிருந்தாள். வாடைக்காற்று கடலைத் தூக்கிச் சாலையில் அடித்த காலையிலும் மனிதர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு சாறு குடிக்கப் போனார். இத்தனை உறுதியை அவரிடம் அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

டிசம்பரில் டாக்டரம்மா ரத்தம் பார்த்தார். சர்க்கரை இறங்கவில்லை, மாடி ஏறியிருந்தது. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். ருத்திலியோ நெஞ்சை நிமிர்த்தி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கசில்தாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கசில்தாவுக்கு அவமானமும் பயமும் ஒன்றாக வந்தன. அடுத்த மாதம் விரலை எடுத்தாக வேண்டும், மற்றதைக் காப்பாற்றுவது இனி உங்கள் கையில் என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்த ருத்திலியோவுக்கு மாதா மேல் கோபம். ஒருநாள்கூடத் தவறாமல் குடித்தேனே, என் பங்கை நான் செய்தேன், அவள் பங்கு எங்கே என்று நியாயம் கேட்க மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கே போய்விட்டார். சத்திய வரிசை நீளமாக இருந்தது. அவர் ஃபாதரிடம் பொரிந்துகொண்டிருக்கும்போதே கசில்தா மூச்சிரைக்க வந்தாள். நிக்கோலாசா கடையிலிருந்து வழக்கமான சாற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, உறிஞ்சுகுழாய் செருகி வாங்கி வந்திருந்தாள். பையை ஃபாதர் கையில் கொடுத்தாள்.

ஃபாதர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இது என்ன நிறம் ருத்திலியோ?"

"பச்சைதான் சாமி. கொஞ்சம் மஞ்சள் கலந்த பச்சை."

"அதோட சொந்தபந்தத்தை நான் கேக்கலை. நிறத்தைக் கேட்டேன்."

குழாயில் ஒரு வாய் உறிஞ்சினார். கண்ணை மூடித் திறந்தார். பிரமாதமாக இருக்கிறது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நீ மாதா முன்னாடி பச்சைன்னுதானேப்பா சொன்னே? இதை ஒரு நாளும் பச்சைன்னு சொல்ல முடியாது. அப்போ நீ சத்தியத்தைத் தினமும் மீறியிருக்கே."

ருத்திலியோவின் முகத்தில் ரத்தம் வற்றியது. டாக்டரம்மா விரலை எடுக்கிறேன் என்றபோதுகூட அப்படி வற்றவில்லை. மெல்கியாதெஸின் ஒடிந்த இடுப்பு கண்முன் வந்திருக்கும். அந்த இடத்திலேயே முழங்காலிட்டார். இந்தத் தடவை வாசகத்தைக் கசில்தா சொன்னாள், அவர் பள்ளிப்பிள்ளைபோல ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பிச் சொன்னார். பழம் இல்லை, தேன் இல்லை. ரொட்டி இல்லை. மாத்திரை உண்டு, நடை உண்டு. சாறு ஒரே தம்ளர், அதுவும் வீட்டில், அவள் கையால். வரிசையில் நின்ற யாரும் இன்று அவசரப்படவில்லை.

முடிந்ததும் கசில்தா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். அவர் பக்கத்தில் நின்று தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அழாதே கிழவி. ஒரு விரல்தானே."

"அடுத்தது எதுன்னு யாருக்குத் தெரியும் கிழவா? நான் யாரோட ஆடுறது?"

அவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஜனவரியில் விரல் போயிற்று. சாறு நிஜமாகவே பச்சையாயிற்று. குளத்துப் பாசியை வழித்துத் தம்ளரில் விட்டதுபோலிருக்கும். கசில்தா எதிரே நின்று கடைசிச் சொட்டுவரை பார்ப்பாள். நிக்கோலாசா கொஞ்ச நாள் முகம் கொடுக்கவில்லை. ஈஸ்டர் நெருங்கும்போது சர்க்கரை இறங்க ஆரம்பித்தது. காயம் ஆறியது.

மறுபடி சதுக்கத்துக்குப் போனார்கள். தான்சோனில் நடுவே வாத்தியம் ஒரு தரம் தணியும், ஜோடிகள் ஆடாமல் நின்று விசிறிக்கொள்வார்கள். அந்த இடைவெளியில் முன்பெல்லாம் ருத்திலியோ பொறுமையில்லாமல் காலைத் தட்டிக்கொண்டிருப்பார். இப்போது அதற்காகவே காத்திருந்து மூச்சு வாங்குகிறார். பழக்கம் மட்டும் விடவில்லை. பக்கத்து ஜோடியிடம் உபதேசம் தொடங்கிவிட்டது.

"என் ஒன்பது விரலைக் காப்பாத்துனது பச்சைச் சாறுதான், தெரியுமா?"

கசில்தா விசிறியை மடக்கினாள்.

"பத்தாவதைத் தின்னதும் அதேதான்," என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள்.