இருபத்தெட்டு நாட்டு அலையன்ஸ்

அழைப்பிதழ் ஆங்கிலத்தில் இருந்தது. அப்பா அதில் இரண்டு வார்த்தைகளைத்தான் நின்று படித்தார். அலையன்ஸ், சிதம்பரம்.

அப்பா பெயர் மரிய ஜோசப். மஞ்சக்குப்பத்தில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். அலையன்ஸ் என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான், எங்கள் தெருவுக்கே ஒரே அர்த்தம்தான். மாப்பிள்ளை பார்ப்பதைக் கொஞ்சம் கௌரவமாகச் சொன்னால் அது அலையன்ஸ்.

"காலேஜே எடுத்து நடத்துதா? பரவால்லியே" என்றார்.

தங்கை நித்யா மேரி திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை. அவளைச் சிதம்பரத்துக்கு விட்டால் போதும் என்று இருந்தது.

2010 நவம்பர் 20, சனிக்கிழமை. அன்றைக்கு லிஸ்பனில் நேட்டோ என்ற ராணுவக் கூட்டணியின் தலைவர்கள் நிஜமாகவே கூடியிருந்தார்கள். சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரி அதே உச்சி மாநாட்டை மாணவர்களை வைத்து நடத்தியது. மொத்தம் இருபத்தெட்டு நாடுகள், நாட்டுக்கு ஓர் ஆள். பி.ஏ. கடைசி வருடம் அரசியல் படிக்கும் நித்யாவுக்குத் துருக்கி. இரண்டு மாதமாக அவள் துருக்கியைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

ஆனால் அதே சனிக்கிழமைக்கு இன்னொரு கெடுவும் இருந்தது. போன வாரம் சேத்தியாத்தோப்பிலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு உரக்கடை. ஆள்மீது ஒரு குற்றமும் சொல்ல முடியாது. "படிச்ச வரைக்கும் போதும்" என்று அவன் சொன்னதுதான் தொந்தரவு. நித்யாவுக்கு எம்.ஏ. படிக்க வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா பாக்கியமேரி போகும்போது கறாராகச் சொல்லிவிட்டுப் போனார்: "சனிக்கெழம சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள போன் வரலன்னா சம்மதம்னு எடுத்துக்குவோம். சாமியார்கிட்ட ஓலை குடுத்துடுவோம்."

ஓலை கொடுத்தால் மறுநாள் ஞாயிறு பூசையில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயிலிலேயே வாசித்துவிடுவார்கள். வாசித்த பிறகு பின்வாங்கினால் அது ஊர்ப்பேச்சு. எங்கள் அப்பா ஊர்ப்பேச்சுக்குச் சாவார்.

சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து நான் நேராகப் பேருந்து நிலையம் வந்தபோது நித்யா நின்றிருந்தாள். பக்கத்தில் அப்பா, இஸ்திரி போட்ட சட்டையில். கையில் ஒரு கவர். உள்ளே நித்யாவின் புகைப்படம், பயோடேட்டா, ஞானஸ்நானச் சான்றிதழ்.

"சேத்தியாத்தோப்ப விட நல்லதா அமைஞ்சா பாப்போம்" என்றார். நித்யா என்னைப் பார்த்தாள். பேருந்து வந்துவிட்டது.

கல்லூரி அரங்கில் ஒரு நாற்காலி காலி. ஐஸ்லாந்துக்கு வயிற்றுப்போக்கு, வரவில்லை. மாநாட்டை நடத்திய பேராசிரியர் தில்லைநாதன் வாசலில் நின்றிருந்த என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"டிகிரில பாதி சார்."

"போதும். ஐஸ்லாந்துக்குப் படையே கிடையாது. பேசாம உக்காந்திருங்க, அதுவே சம்மதம்."

நேட்டோவில் ஓட்டெடுப்பு கிடையாது என்று அவர் விளக்கினார். தீர்மானத்தை எழுதி எல்லார் கையிலும் கொடுத்து ஒரு நேரம் குறிப்பார்கள். அதற்குள் யாரும் வாயைத் திறக்காவிட்டால் எல்லாரும் ஒத்துக்கொண்டதாக அர்த்தம். ஒரே ஒரு நாடு வேண்டாம் என்றால் மொத்தமும் நின்றுவிடும். இன்றைக்குக் குறித்த நேரம் நாலரை.

பதினோரு மணிக்கெல்லாம் அரங்கம் சூடாகிவிட்டது. அமெரிக்காவாக உட்கார்ந்திருந்த செம்பியன் மேசையைத் தட்டினான், பிரான்ஸ் வெளிநடப்பு செய்துவிட்டு டீ குடித்துத் திரும்பி வந்தது, கிரீஸ் கத்தியதில் மைக் ஊளையிட்டது. தூக்கமில்லாத எனக்கே ரத்தம் சூடேறியது. நித்யா மட்டும் வாயைத் திறக்காமல் எழுதிக்கொண்டே இருந்தாள்.

டீ இடைவேளையில் அப்பா ஓடி வந்தார். முகமெல்லாம் வியர்வை.

"டேவிட், எல்லாம் ஃபாரின் மாப்பிள்ளைங்கடா! ஒவ்வொருத்தன் முன்னாடியும் எந்த நாட்டுல வேலைன்னு போர்டு வச்சிருக்கான் பாரு!"

நான் வாயைத் திறப்பதற்குள் நார்வேயிடம் போய்விட்டார்.

"தம்பிக்கு நார்வேல என்ன வேலை?"

அந்தப் பையன் காலையிலிருந்து நார்வேயாகவே இருந்தான். "எங்களுக்கு முக்கியமா எண்ணெய் சார். கேஸும் எடுக்கிறோம்."

"ஆயில் கம்பெனி" என்று அப்பா என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தார். "எந்தப் பங்குக் கோயில் தம்பி? ரோமன் கத்தோலிக்கா?"

"நாங்க பெரும்பாலும் லூத்தரன் சார்."

"அது பேசிக்கலாம்" என்றார் அப்பா.

அவர் கவரோடு கனடா, ஜெர்மனி, பெல்ஜியம் என்று சுற்றினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை, அதனால் சொல்லவில்லை. அது தப்பு. நாலு மணிக்கு அவரே நேராகத் தில்லைநாதனிடம் போய், "சார், நார்வே தம்பியோட அப்பா அம்மா வந்திருக்காங்களா?" என்று கேட்டார். தில்லைநாதன் பொறுமையாக விளக்கினார். ராணுவக் கூட்டணி, மாதிரி மாநாடு, வேஷம். பின்வரிசை சிரித்தது. யாரோ, "அங்கிள், லக்சம்பர்க் ஃப்ரீயா இருக்கு!" என்றான்.

அப்பா கவரை நாலாக மடித்துப் பையில் வைத்தார். என் நாற்காலிக்குப் பின்னால் வந்து குனிந்தார். "சேத்தியாத்தோப்பே முடிவு. போன் பண்ண மாட்டேன். போதுமா?"

வெளியே மழை கொட்டியது. போக வழியில்லாமல் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.

நாலு இருபத்தேழு. தீர்மானத்தில் ஒரு வரி துருக்கியின் பக்கத்து நாட்டைப் பெயர் சொல்லி எதிரி என்றது. எழுதியவன் செம்பியன். யாரும் பேசவில்லை. சுவர்க் கடிகாரத்தையே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நாலு இருபத்தெட்டு. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"துருக்கி ஒத்துக்கல" என்றாள் நித்யா.

அரங்கமே அவள் பக்கம் திரும்பியது. செம்பியன் எழுந்தே விட்டான். "மேடம், காலையிலேர்ந்து வாயே தொறக்கல. சரின்னுதானே நெனச்சோம்!"

"நெனச்சது உங்க தப்பு. பேசாம இருந்தேன்னா யோசிச்சிக்கிட்டு இருந்தேன்னு அர்த்தம். பக்கத்து வீட்டுக்காரன் பேர எழுதிட்டு என்னைய கையெழுத்து போடச் சொல்றீங்க. நாளைக்கு அவன் பக்கத்துல குடியிருக்கப் போறது நானா, நீங்களா?"

கிரீஸ் கைதட்டியது. பரம்பரைப் பகையாளியான துருக்கிக்குக் கிரீஸ் கைதட்டக் கூடாது என்று யாரோ அதட்ட, மொத்த அரங்கமும் கைதட்டியது. தில்லைநாதன் மணியடித்தார். "தீர்மானம் நின்னாச்சு. அரை மணி நேரம் பிரேக். அந்த வரிய உக்காந்து பேசுங்க."

அப்பா எழுந்து நின்றிருந்தார். "சார், இருபத்தேழு பேரு சரின்னாலுமா?"

"நூறு பேரு சரின்னாலும் சார். அதுதான் அலையன்ஸ்."

செம்பியனும் இன்னும் நாலு நாடுகளும் நித்யாவைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் விலக்கிக்கொண்டு வராந்தாவில் அப்பா முன்னால் வந்து நிற்க நாலு ஐம்பத்திரண்டு ஆகிவிட்டது.

"சேத்தியாத்தோப்பு எனக்கு வேணாம்பா."

"அன்னிக்கு நீ ஒண்ணும் சொல்லலியே?"

"காபி குடுன்னு சொன்னீங்க, குடுத்தேன். புடிச்சிருக்கான்னு யாரு கேட்டீங்க?"

"வாக்கு குடுத்தாச்சும்மா."

"குடுக்கல. அவுங்கதான் நேரம் குடுத்திருக்காங்க. இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு."

அப்பா என்னைப் பார்த்தார். "நீ என்னடா சொல்ற?"

காலையிலிருந்து நான் வாயைத் திறக்காத நாடு. "போன் போடுங்கப்பா" என்றேன்.

போட்டார். எங்கேஜ்டு. மறுபடி போட்டார். எங்கேஜ்டு.

"அந்தம்மா ஊரு பூரா சொல்லிக்கிட்டு இருக்குது போல" என்றார். நாலு ஐம்பத்தாறு. மழையில் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கியது. அப்பா படியிறங்கி மழைக்குள் போனார். இஸ்திரி போட்ட சட்டை முதுகோடு ஒட்டியது. நித்யா துப்பட்டாவை அவர் தலைக்கும் போனுக்கும் மேலாக விரித்துப் பிடித்தாள். நாலு ஐம்பத்தெட்டுக்கு ரிங் போனது.

"அக்கா, நான் மஞ்சக்குப்பம் மரிய ஜோசப்பு. ஓலை குடுத்துட்டீங்களா? ... கெளம்பிட்டீங்களா? நில்லுங்க, நில்லுங்க. எங்க பக்கத்துல ஒரு ஆளு ஒத்துக்கல."

பாக்கியமேரியின் குரல் எங்களுக்கே கேட்டது. "யாரு? உங்க பங்காளிங்களா?"

"இல்லக்கா. பொண்ணு."

"பொண்ணா? அத எப்ப கேட்டீங்க?"

அப்பா நித்யாவைப் பார்த்தார். மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டியது.

"இப்பத்தாங்க்கா கேட்டேன்."

அதன்பிறகு அந்தப் பக்கம் ஆரம்பித்த வசவு நிற்கவே இல்லை. அப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, போனையும் வைக்கவில்லை. உள்ளே மணியடித்தது. "துருக்கி எங்க? ஐஸ்லாந்து எங்க? நீங்க ரெண்டு பேரும் இல்லாம நடத்த முடியாது!" என்று தில்லைநாதன் கத்தினார். நித்யா அசையாமல் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்பா போனைக் காதில் அழுத்தியபடியே துப்பட்டாவை அவள் கையிலிருந்து பிடுங்கித் தன் தலையில் போட்டுக்கொண்டார். இடது கையால் எங்கள் இருவரையும் போ, போ என்று விரட்டினார்.