காதுக்கு மட்டும்

கண்டக்டருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சும் போயிற்று. இருபத்தாறு வருடம் பஸ்ஸில் தொண்டை கிழியக் கத்திய மனிதரிடம் ஒரே ஒரு வார்த்தைதான் மிஞ்சியது. போலாம்.

தண்ணீர் வேண்டுமென்றாலும் போலாம், முதுகு அரித்தாலும் போலாம். கோபத்துக்கு ஒரு போலாம், கெஞ்சலுக்கு ஒரு போலாம். டிவியில் செய்தி வாசிப்பவரைப் பிடிக்காவிட்டால் அதற்கென்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு போலாம். வெளியாட்களுக்கு எல்லாம் ஒன்றாகத்தான் கேட்கும். அவர் மனைவிக்கு மட்டும் எது எதற்கு என்று அத்துப்படி.

அந்த மனைவியை வீட்டில் எல்லோரும் சில்லறை என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு துணிக் கடைக்கு அவருடைய பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்தாள். சில்லறைக்காக ஊரோடு சண்டை போடுகிறவரிடம் தினமும் சரியான காசை நீட்டுவாள். அவர் வைத்த பேர் அது. கல்யாணம் ஆகியும் போகவில்லை. அவள் தம்பிகூட 'சில்லறைக்கா' என்றுதான் கூப்பிடுவான்.

அவர் படுத்த பிறகு, ஃப்ரிட்ஜும் வாஷிங்மெஷினும் பழுது பார்த்துக் கொடுக்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே போன் எடுக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை. ஹாலில் அவர் கட்டில், கட்டிலை ஒட்டி அவள் மேஜை. ஒரு காதில் வாடிக்கையாளர், ஒரு காதில் கண்டக்டர்.

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. ஃப்ரிட்ஜில் தண்ணீர் ஒழுகுகிறது என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தபோது கட்டிலிலிருந்து "போலாம்!" என்று ஓங்கி ஒரு குரல். "எங்கம்மா போறது? உங்க ஆளு இன்னும் இங்க வந்தே சேரலையே!" என்றார் அவர். அன்று சாயங்காலம் தம்பியிடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அப்புறம் புகார் வர ஆரம்பித்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே யாரோ கிளம்பச் சொல்லி விரட்டுகிறார்கள், இது என்ன ஆபீஸா, பஸ் ஸ்டாண்டா என்று ஒரு அம்மாள் எழுதியே போட்டுவிட்டாள். மேற்பார்வையாளர் சில்லறையைக் கூப்பிட்டுப் பேசினாள். வயதில் இளையவள்தான், ஆனாலும் மேடம்.

"உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா ரெக்கார்டிங்க நீங்களே கேளுங்க."

கேட்டாள். நாலு நிமிடப் பேச்சில் ஒன்பது போலாம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும்போது அது அவர். ரெக்கார்டிங்கில் கேட்டால் அது வெறும் சத்தம். 

"ரெண்டு மாசமா உங்க மார்க் எழுபதுக்குக் கீழ இருக்கு. மூணாவது மாசமும் அப்படியே இருந்தா லிஸ்ட்ல இருந்து எடுத்துடுவாங்க, என் கையில ஒண்ணும் இல்ல. நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன்னு விக்கறாங்க, ஒண்ணு வாங்கிடுங்க. கம்பெனி தராது, நீங்கதான் வாங்கணும்."

எலக்ட்ரீஷியனான தம்பிக்கு இந்த மாதிரி சாமான் என்றால் கொள்ளைப் பிரியம். மறுநாளே பதினொரு ஹெட்போன்களின் படங்களை அனுப்பிவிட்டான். மத்தியான இடைவேளையில், ஒரு கையால் கண்டக்டருக்கு மசித்த சாப்பாட்டை ஊட்டிக்கொண்டே மறு கையால் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள் சில்லறை. நாற்பது மணி நேரம் சார்ஜ் நிற்கும் என்றது ஒன்று. அறுபது நிற்கும் என்றது இன்னொன்று. ஒருத்தர் ஐந்து நட்சத்திரம் போட்டு, பக்கத்து வீட்டில் சுவர் இடிக்கிறார்கள், எனக்குத் தெரியவே இல்லை என்று எழுதியிருந்தார். அதே ஹெட்போனுக்கு இன்னொருத்தர் ஒரு நட்சத்திரம் போட்டு, காது வெந்துபோகிறது என்று எழுதியிருந்தார். யாரை நம்புவது?

"நேர்ல போய்ப் போட்டுப் பாருக்கா," என்றான் தம்பி. "தலைக்குப் பொருந்தணும், கண்ணாடி போட்டிருக்கும்போது அழுத்தக் கூடாது. அரை நாள் நான் மாமாவப் பாத்துக்கறேன்."

கடையில் பத்து டிவி ஒரே நேரத்தில் அலறிக்கொண்டிருந்தன. ஹெட்போன் பகுதியில் நின்றிருந்த விற்பனைப் பெண் பொறுமைசாலி. எதற்கு வேண்டும் என்று முதலில் கேட்டாள். சில்லறை சொன்னாள். அந்தப் பெண் இரண்டை எடுத்து முன்னால் வைத்தாள்.

"இது பாருங்க, வாய்கிட்ட மைக் வரும். போன்ல பேசறவங்களுக்குன்னே செஞ்சது. உங்க குரலை மட்டும் கிட்டத்துல புடிக்கும், பின்னால வர சத்தம் ஓரளவு குறையும். ஓரளவுதான். ஃபேன் சத்தம், ரோட்டுச் சத்தம்னா நல்லாவே அடக்கும். பக்கத்துல மனுஷங்க கத்தினா கொஞ்சம் போகத்தான் செய்யும். விலையும் அதிகம்."

"அது?"

"இது விலை கம்மி, நிறைய பேர் இதத்தான் வாங்கறாங்க. ஆனா இது உங்க காதுக்கு மட்டும்தாங்க. வெளிச் சத்தம் உங்களுக்குக் கேக்காது. எதிர்ல பேசறவங்களுக்கு இதனால ஒண்ணும் ஆகாது. பாட்டு கேக்க, படம் பாக்க நல்லா இருக்கும்."

சும்மா போட்டுப் பார்க்கலாமே என்று சில்லறை விலை குறைந்ததைத் தலையில் மாட்டினாள். மெத்தென்று இரண்டு காதையும் மூடியது. அந்தப் பெண் அதன் பக்கவாட்டில் ஒரு பித்தானை அழுத்தினாள்.

பத்து டிவியும் எங்கேயோ போய்விட்டன. ஆட்கள் வாயை அசைத்தார்கள். சில்லறைக்குத் தன் மூச்சு கேட்டது. எச்சில் விழுங்கியது கேட்டது. இரண்டு வருடத்தில் யாருமே கூப்பிடாத ஒரு இடத்தில் அவள் நின்றது அதுதான் முதல் தடவை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. விற்பனைப் பெண் பதறிப்போய் ஏதோ கேட்டாள். என்ன கேட்டாள் என்று தெரியவில்லை.

கழற்றி வைத்துவிட்டு, "இதையே குடுங்க," என்றாள்.

"அக்கா, உங்க வேலைக்கு இது..."

"இதையே குடுங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம், விலைதான் காரணம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கையில் இருந்த காசுக்கு அதுதான் கட்டுபடியாயிற்று என்பதும் நிஜம். ஆனால் இன்னும் இரண்டு மாதம் தவணை கட்டி மற்றதை வாங்கியிருக்கலாம் என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஆனால் போனில் எதிர்ப்பக்கம் இருப்பவர்களுக்குக் கேட்கக் கூடாதே. அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். மேஜையை உள்ளறைக்கு மாற்றினாள். கதவைச் சாத்தினாள். கதவடியில் பழைய போர்வையைச் சுருட்டி வைத்தாள். வாடிக்கையாளர் பேசும்போது தன் பக்கத்து மைக்கை அணைத்து, தான் பேசும்போது மட்டும் போட்டாள். கண்டக்டருக்கு என்ன வேண்டுமோ என்று போனில் அலாரம் வைத்து, மணிக்கு ஒரு தரம் எழுந்து போய்ப் பார்த்தாள். ஒன்பதுக்குத் தண்ணீர், பத்துக்குத் திருப்பிப் படுக்க வைப்பது, பதினொன்றுக்குப் பழச்சாறு, பன்னிரண்டுக்குத் துணி மாற்றுவது. ஆஸ்பத்திரியில்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள் என்றான் தம்பி.

முதல் நாலைந்து நாள், கதவைத் திறந்ததும் அவர் முகம் சிவந்திருக்கும். போலாம், போலாம் என்று பொரிந்து தள்ளுவார். எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டாரோ, தொண்டை கம்மியிருக்கும். "இதோ வந்துட்டேன்ல? வேலை பாக்க வேணாமா நான்?" என்பாள். சில சமயம் அவளுக்கே எரிச்சல் வரும். "இப்பத்தான தண்ணி குடிச்சீங்க, அதுக்குள்ள என்ன போலாம்?" என்பாள். அவர் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்.

அவள் மார்க் எழுபத்தெட்டு ஆயிற்று. அடுத்த மாதம் எண்பத்தைந்து. வேலை தப்பியது. போகப் போக, மணிக்கு ஒரு தரம் அவரைப் பார்க்கப் போகும்போதும், நாலு மணிக்கு வேலை முடிந்த பிறகும் அவள் ஹெட்போனைக் கழற்றுவதில்லை. பாட்டுக்கூடப் போடாமல், பித்தானை அழுத்திவிட்டு, பாத்திரம் கழுவினாள், துணி மடித்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் நகத்தை வெட்டிவிட்டபோதும் அது அவள் தலையில்தான் இருந்தது.

ஒரு நாள் காலை பத்தரைக்குக் கம்பெனியின் சர்வர் படுத்துவிட்டது. சரியாகும்வரை எல்லோரையும் காத்திருக்கச் சொல்லிச் செய்தி வந்தது. ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

வீடு கப்சிப்பென்று இருந்தது. தூங்குகிறார் போலிருக்கிறது என்று எட்டிப் பார்த்தாள். தூங்கவில்லை. கண்ணைத் திறந்து விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருந்தார். போர்வை நழுவிக் கீழே கிடந்தது. கால் சில்லிட்டிருந்தது.

"ஏங்க, குளிருதா? கூப்பிட்டிருக்கலாம்ல?"

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கடைசியாக அவர் எப்போது கூப்பிட்டார்? நேற்றா? போன வாரமா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "தண்ணி வேணுமா?" அவர் பார்வை விட்டத்திலேயே இருந்தது. "டிவி போடட்டுமா? அந்த நியூஸ்காரன் வர நேரம்தான். உங்க ஆளு." அவர் அவளைப் பார்த்தார். உதடு பிரிந்தது. ஏதோ வரப்போகிறது என்று அவள் குனிந்தாள். உதடு மூடிக்கொண்டது.

"ஏங்க, பஸ் கிளம்பணும். எல்லாரும் ஏறியாச்சு. டிரைவர் காத்துக்கிட்டு இருக்காரு. சொல்லுங்க, என்ன சொல்லுவீங்க?" சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள். "சொல்லுங்க. ஒரு தடவை. போ... போலா..." குரல் உடைந்தது. அவர் இடது கையை மெல்லத் தூக்கி, வேண்டாம் என்பதுபோல அவள் முழங்கை மேல் வைத்தார்.

மாதம் ஒரு தரம் வரும் பேச்சுப் பயிற்சியாளர் அந்த வாரம் வந்தார். அரை மணி நேரம் படங்களைக் காட்டினார், மணியை ஆட்டினார், தாளம் போட்டுப் பாடிக்கூடப் பார்த்தார். கண்டக்டர் மரியாதையாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் பையை மூடிவிட்டுச் சில்லறையைத் தனியாக அழைத்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"தெரியல."

"தோராயமா?"

"நிஜமாவே தெரியலங்க. நான் காதுல..." என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். கடை, பித்தான், போர்வை, அலாரம்.

பயிற்சியாளர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அவருக்கு அந்த ஒரு வார்த்தையச் சொல்றது மலை ஏறற மாதிரிம்மா. யாராவது வருவாங்கன்னுதான் ஏறுவாரு. இன்னொரு தடவை அட்டாக் வந்த மாதிரி அறிகுறி எதுவும் எனக்குத் தெரியல, டாக்டர்கிட்டயும் காட்டிடுங்க. அவரே விட்டுட்டாருன்னுதான் தோணுது."

"திரும்ப வருமா?"

"முயற்சி பண்ணலாம்."

அந்தப் பதிலை வாடிக்கையாளர்களுக்குத் தினமும் சொல்லிக்கொண்டிருப்பவள் சில்லறை. பழுதுபார்க்க வழியில்லாத மெஷினுக்குச் சொல்கிற பதில்.

டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுப் புதிதாக ஒன்றும் இல்லை என்றார். அன்றே மேஜையை மறுபடி ஹாலுக்குக் கொண்டுவந்தாள். கம்பெனி கொடுத்த பழைய ஒயர் ஹெட்செட்டைத் தூசி தட்டி, ஒரு காதில் மட்டும் மாட்டினாள். மார்க் போனால் போகட்டும், வேலை போனால் போகட்டும் என்று துணிந்தாள். ஒவ்வொரு அழைப்புக்கும் நடுவில் திரும்பி, "ஏங்க?" என்றாள். பத்து நாள் ஆயிற்று. மூன்று வாரம் ஆயிற்று. மார்க் குறையவில்லை. குறைக்கத்தான் எந்தச் சத்தமும் இல்லையே.

மாதக் கடைசியில் மேடம் கூப்பிட்டாள். "தொண்ணூத்தி ரெண்டும்மா! பின்னால ஒரு ஊசி விழற சத்தம்கூடக் கேக்கல. இந்த மாசம் நீங்கதான் ஃபர்ஸ்ட். எந்த ஹெட்போன்னு சொல்லுங்க, மத்தவங்களுக்கும் சொல்றேன்."

சில்லறை, கடையில் வாங்கின அந்த ஹெட்போனின் பேரைச் சொன்னாள். வேறென்ன சொல்ல? மேடம் அதை எல்லோருக்கும் அனுப்பினாள்.

சாயங்காலமே, கூட வேலை செய்கிற ஒருத்தி போன் செய்தாள். நேரில் பார்த்ததில்லை, குரல் மட்டும் பழக்கம். எட்டு மாதக் குழந்தை வைத்திருப்பவள். இப்போதும் பின்னால் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

"அக்கா, அது அவ்வளவு நல்லாவா இருக்கு? பிள்ளை சத்தம் சுத்தமா கேக்காதா?"

"உனக்குக் கேக்காது. போன் பண்றவங்களுக்குக் கேக்கும்."

"அப்ப உங்களுக்கு மட்டும் எப்படி?"

சில்லறை கட்டிலைப் பார்த்தாள். அவர் விழித்துத்தான் இருந்தார். "மைக் வர்றது ஒண்ணு இருக்கு," என்றாள். "விலை ஜாஸ்தி. தவணையிலயாவது அத வாங்கு. கடையில மத்ததப் போட்டுப் பாக்காத."

"ஏன்க்கா?"

"பாக்காத. அவ்வளவுதான்."

அவள் சரியென்று போனை வைத்துவிட்டாள். மைக் உள்ளதை வாங்குவாளோ, மற்றதைப் போட்டுப் பார்ப்பாளோ. அந்த அழுகை அவ்வளவு பலமாக இருந்தது. சில்லறை சாப்பாட்டை மசித்துக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். சூடாக இருக்கிறதா என்று கேட்டாள். அவர் வாயைத் திறந்தார். ஒரு ஸ்பூன் வைத்தாள், விழுங்கினார். இன்னொரு ஸ்பூன் வைத்தாள்.