நீட்டி நின்ற செங்கற்கள்

‘ணங்’கென்று எழுந்த உளியோசை ஒன்று, சேர்வராயன் மலைமுகட்டில் இளவெயில் பொன் தெளிக்க, பனிப்படலம் ஆட்டுமந்தைபோற் சரிவிறங்கிக் கலைந்துகொண்டிருந்த தைத்திங்கட் காலையில், அஸ்தம்பட்டியின் அந்நீள்தெரு முழுவதையும் திடுக்கிடச் செய்தது. கோலமிட்ட கைகள் நின்றன. பால் கறந்த கைகளும் நின்றன. விழிகள் யாவும் வேலுசாமி வீட்டுக் கிழக்குச் சுவரை நோக்கித் திரும்பின.

அத்தெரு ஒருநாளில் எழுந்ததன்று, அன்புடையீர். முட்புதர் மண்டிக் கிடந்த அந்நிலத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டில், முதன்முதலாக ஓட்டுவீடு கட்டியவர் திருச்செங்கோட்டுப் பக்கத்து உழவர்குடியிற் பிறந்த வேலுசாமி. தம்பி ராசப்பனோடு சேர்ந்து வாங்கிய மனையில் மேற்குப் பாதி அவருடையது. பின்னர், அம்மாபேட்டையில் தறியால் வளம்பெற்ற ஒருவர் மாடியெடுத்தார். அவரை மிஞ்ச விரும்பிய இன்னொருவர் மாடிமேல் மாடம் வைத்தார். ஓடு போய்த் தளம் வந்தது. செங்கல்லின் அளவும் மாறியது. தட்டையான பழங்கல் மறைந்து, சூளைதோறும் தடித்த பெருங்கல்லே வேகலாயிற்று.

மாறாது நின்றது வேலுசாமி வீட்டுக் கிழக்கு மூலை ஒன்றே. உடன்பிறந்தான் பின்னாளில் எழுப்பும் சுவர் தன் சுவரோடு விரல்கோத்து நிற்கவேண்டும் என்னும் அவ்வூர் வழக்கப்படி, ஒரு கல் நீட்டியும் ஒரு கல் உள்வாங்கியும் அம்மூலையை அவர் கட்டச்செய்திருந்தார். வீடு முடிந்த மறு ஆண்டே, ஊர்க்கிணற்று நீர்முறை பற்றிய பங்குச் சொல்லாடலில் இருவரும் முறுகினர். “உங்க செவுத்து நெழலு கூட எம்மேல படாது” என்றுரைத்து வாழப்பாடிக்குப் போனவர்தாம் ராசப்பன். அன்றுமுதல் அக்கற்கள் மழையில் நனைந்து, பாசி படர்ந்து, சிட்டுக்குருவிக்கு இருக்கையாகி, ‘பல்லுவீடு’ என்னும் பெயரையும் அவ்வில்லத்திற்கு ஈட்டித் தந்தன. பூசி மறைத்துவிடலாம் என்று எத்தனையோ பேர் சொல்லியும் வேலுசாமி இசைந்தாரில்லை.

பதினெட்டாண்டு கழிந்து, இப்போது ராசப்பன் தம் பாதியில் வீடு கட்ட வந்திருக்கிறார். முந்தைய நாள் மாலை வாழப்பாடியிலிருந்து வண்டிகளில் வந்திறங்கிய செங்கல் பனையோலை மூடிக் கிடக்க, கொத்தனார் பொன்னனுக்கு அவர் இட்ட முதல் ஏவலே நீட்டிய கற்களை வெட்டுக என்பது.

எதிர்வீட்டு ராமாயி சாணக்கையோடு வெளிவந்தாள். “பல்லூட்டுக்கு இன்னிக்குப் பல்லுப் புடுங்கறாங்களாட்ட இருக்குது.”

பொன்னன் உளியைத் தாழ்த்தினான். “ஏனுங்க சாமி, அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வெட்டலாமுங்களா?”

“அவரு வந்து கேக்கட்டும். நீ வெட்டு. நடுவுல ஒரு முழம் சந்து உட்டுத்தான் எஞ்செவுரு.”

மீண்டும் உளி ஒலித்தது. ஒரு கல் உடைந்து வீழ்ந்தது. அச்சுவரின் உட்புறத்தே, நோயுற்ற பிள்ளையின் நெற்றியைத் தொடுவார்போற் கைவைத்து நின்ற வேலுசாமி, அவ்வதிர்வைத் தம் உள்ளங்கையில் ஏற்றார்.

“போயி ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றாள் அவர் மனைவி மயிலம்மாள்.

“நெழலு படாதுன்னது அவன். அவனே வந்து கூப்புடட்டும்.”

“அண்ணந்தம்பி ரெண்டு பேரும் ஒரே சூளையில வெந்தவீங்கதான்” என்று சொல்லிவிட்டு, கணவர் தடுக்குமுன் அவள் வெளியே வந்தாள். உடைந்த துண்டைக் குனிந்து எடுத்து, சினமும் துயரும் ஒருங்கே பொங்க, அதனைக் கொழுந்தனாரின் கல்லடுக்கின்மேல் வைக்கப்போனவள், காற்றில் விலகிய ஓலையின் கீழ்க் கிடந்ததைக் கண்டு அசைவற்று நின்றாள்.

“நங்கை, அதைத் தொடாதீங்க” என்று அண்ணியைத் தடுத்தார் ராசப்பன். ஓலையை இழுத்து மூட விரைந்தார்.

மயிலம்மாள் கேட்டாளில்லை. அடுக்கிலிருந்து புதுக்கல் ஒன்றை உருவி, சுவரில் வெட்டுண்ணாது நீட்டிநின்ற இரு கற்களின் இடைக்குழியில் அதனை நுழைத்தாள். மேலும் கீழும் மயிரிழை பிசகாமல், உறைபுகும் வாளென அது உள்ளே சென்று பொருந்தியது. பொன்னன் உளியை இடுப்பிற் செருகிக்கொண்டான். ராசப்பன் தலை கவிழ்ந்தார். வாயிற்படியில் வேலுசாமியின் காலடி கேட்டது.

வன்சொல்லை ஒருநொடியிற் சொல்லிவிடும் மாந்தர், அதனை மீட்கும் மென்சொல்லுக்கு ஓர் ஆயுளையே செலவிட்டும் நாவெழாது நிற்கின்றனர். அவர்தம் உள்ளம் விழைவதையோ கைகள் முன்னமே செய்துமுடித்து விடுகின்றன. புதுக்கல்லின்மேல் வைத்த கையை எடாமலே மயிலம்மாள் திரும்பினாள்.

“கொழுந்தனாரே, இந்த அளவுக் கல்லு இப்ப எந்தச் சூளையிலயும் அறுக்கறதில்லீங்களே, எங்க ஊட்டுக் கல்லு அளவுக்குத் தனியா அச்சுச் செய்யச் சொன்னது யாருங்க?”