ஒரு கட்டைவிரல் அகலம்

கனகா கத்தியை வைத்தால் பால்சா பலகையில் வளைவு வழுக்கிக்கொண்டு வரும். ஏற்காட்டில் மாதிரி மலைகள் செய்யும் பட்டறை வைத்திருந்த ஜெப்சனே அதை ஒப்புக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மனிதர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்குவதற்குள் காட்டெருமையிடம் பால் கறந்துவிடலாம். ஆறு வருஷத்துக்கு முன்னால் பட்டறையைக் கூட்டிப் பெருக்க வந்தவள் கனகா. இப்போது வளைவு என்று வந்தால் பலகை அவள் மேசைக்குத்தான் போகும்.

பால்சா தக்கை மாதிரி மெத்தென்ற மரம். மெத்தென்றுதானே இருக்கிறது என்று அழுத்தினால் போச்சு, விளிம்பு நசுங்கிவிடும். புது பிளேடு போட்டு, கோட்டின் மேல் நாலு தடவை லேசாகக் கீற வேண்டும். வளைவில் கத்தி நின்ற இடத்திலேயே நிற்கும், இடது கைதான் பலகையைத் திருப்பிக் கொடுக்கும். அப்புறம் பென்சிலில் உப்புத்தாளைச் சுற்றி ஒரு தேய்ப்பு. வரைபடத்தில் மலையின் உயரத்தைக் காட்டும் கோடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகை. அடுக்கி ஒட்டினால் மலை எழுந்து நின்றுவிடும்.

அந்த மாசியில் வந்த வரைபடத்தைப் பார்த்ததும் கனகா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். நாகலூர்ப் பக்கம் அவளும் புருஷன் சக்திவேலும் முன்பு காப்பி பறித்த எஸ்டேட் அது. கை மாறிவிட்டது, வில்லாக்கள் வரப்போகின்றன. புது ரோடு மேட்டின் மேல் ஏறி, இரண்டு சில்வர் ஓக் மரங்கள் நிற்கிற இடத்தில் நேராகப் போனது.

அந்த மரங்களுக்கு அடியில்தான் அவள் மகள் இருந்தாள்.

நாற்பது நாள் பிள்ளை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டது, மூன்றாம் நாள் போய்விட்டது. பச்சைப் பிள்ளையை எரிப்பதில்லை, புதைப்பார்கள். புதைக்கிற இடத்துக்கு அவர்கள் வழக்கத்தில் பெண்கள் போவதுமில்லை. சக்திவேலும் அவன் அண்ணனும் துண்டில் சுற்றித் தூக்கிப் போனார்கள். கல் கில் எதுவும் நடவில்லை. எங்கே, எங்கே என்று கனகா ஒரு மாதம் அரற்றிய பிறகு, சக்திவேல் ஒருநாள் அந்த இரண்டு மரங்களைக் கை காட்டினான். அன்றிலிருந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மரத்தடியில் ஒரு கை பூ வைப்பாள். வீட்டில் மட்டும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. எடுத்தால் சக்திவேல் இரண்டு நாள் சோறு தின்னமாட்டான்.

"சார், இந்த ரோட்டைக் கொஞ்சம் கீழ தள்ளச் சொன்னா கேப்பாங்களா?" என்று ஜெப்சனிடம் கேட்டுப் பார்த்தாள்.

"நாம என்ன இஞ்சினியரா? கோடு போற எடத்துல கத்தி போனாப் போதும்மா."

அவள் கத்தி அந்தக் கோட்டில் போகவில்லை. மனசு கேட்கவில்லை, அவ்வளவுதான். மேட்டுக்கு முன்னாலேயே ரோட்டை ஒடித்து, ஒரு கட்டைவிரல் அகலம் பள்ளத்துப் பக்கமாக வளைத்து அறுத்தாள். நிஜத்தில் அது பத்து மீட்டர். வாழ்நாளில் அவள் அப்படி ஒரு வளைவை அறுத்ததில்லை. பிசிறு இல்லை, நெளிசல் இல்லை. மேட்டின் மேல் குட்டியாக இரண்டு மரங்களையும் நட்டுவைத்தாள்.

மாதிரியைப் பார்க்க, எஸ்டேட்டை வாங்கிய முதலாளி வந்த அன்றுதான் ஜெப்சன் அதைக் கவனித்தார். கனகாவை எரித்துவிடுகிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார். ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் முதலாளி குனிந்து அந்த வளைவின் மேல் விரலை ஓட்டினார்.

"அட, இது நல்லா இருக்கே! மரம் ரெண்டும் அப்படியே நிக்குது, ரோடு சுத்திக்கிட்டு வருது. பிளானையும் இதே மாதிரி மாத்தச் சொல்லிடறேன்."

முதலாளி சொன்ன பிறகு மேல்பேச்சு ஏது? கனகா பின்கட்டுக்கு ஓடி, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெற்ற பிள்ளைக்கு அவள் செய்து கொடுக்க முடிந்த ஒரே காரியம் அது. பால் கொடுத்ததோடு சரி, அதற்குமேல் செய்ய அந்தப் பிள்ளை இருந்து கொடுக்கவில்லையே.

ரோடு வெட்டி முடியும்வரை அவள் வீட்டில் மூச்சு விடவில்லை. பங்குனி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ஏனுங்க, ஒரு எடத்துக்கு வாங்க" என்று சக்திவேலை பஸ் ஏற்றி அழைத்துப் போனாள். மேட்டில் மரங்கள் இரண்டும் அசையாமல் நின்றன. கீழே புது ரோடு செக்கச்செவேல் என்று, அவள் அறுத்த மாதிரியே வளைந்து போனது.

"இது நம்ம பாப்பா மேலதான் போறதா இருந்துச்சுங்க. நாந்தான் மாதிரியில வளைச்சு உட்டேன். மொதலாளிக்கு நொம்பப் புடிச்சுப்போச்சு, அப்படியே வெட்டிட்டாங்க." ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவன் முன்னால் அந்தப் பிள்ளையைப் பற்றிச் சிரித்துக்கொண்டு பேசினாள்.

சக்திவேல் மரங்களைப் பார்க்கவே இல்லை. ரோட்டைப் பார்த்தபடி அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"என்னங்க?"

"மேட்டுல பாறை, கனகா. அன்னைக்குக் கடப்பாறை எறங்கவே இல்ல. கீழ பள்ளத்துக்கிட்டதான் மண்ணு இருந்துச்சு."

"அப்ப மரத்தடின்னு சொன்னீங்களே?"

"அங்க ஒரே பொதரு, ஆளே போகாத எடம். நீ பொழுதுக்கும் தனியாப் போயி உக்காந்துக்குவீன்னு பயந்துட்டேன். இங்கன்னா போறவங்க வர்றவங்க இருப்பாங்க, உன்னைய ஊட்டுக்குக் கூட்டியாந்துருவாங்கன்னு..." அவன் தலையில் அடித்துக்கொண்டான். "எம்மேல தப்பு, சாமி. எம்மேலதான் தப்பு."

கனகா அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எங்கங்க? எந்த எடம்?"

அவன் கை வளைவின் நட்டநடுவுக்கு நீண்டது. அங்கே மண்ணை ஆள் உயரத்துக்குத் தோண்டி எடுத்திருந்தார்கள்.

அவள் சரிவில் விழுந்து எழுந்து, கீழே நின்ற டிப்பர் லாரிக்காரனிடம் ஓடினாள். "அண்ணா, இந்த வளைவுல எடுத்த மண்ணை எங்க கொட்டுனீங்க?"

"அதுவாக்கா? குப்பனூர் ரோட்டுல பள்ளம் பள்ளமாக் கொட்டி நெரவிட்டோமுங்க. எந்த லோடு எங்க போச்சுன்னு யாருக்குத் தெரியும்? ஏனக்கா, ஏதாச்சும் தொலஞ்சுபோச்சுங்களா?"