ஃபுல் டேங்க்

காலையில் ஆறு பிள்ளைகளைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு வீடு திரும்பிய அவளுடைய பழைய வேன், மதியம் இரண்டு மணிக்குச் சாவியைத் திருப்பினால் இருமிவிட்டு அடங்கிப்போனது. மூன்றரைக்குப் பள்ளி விடும். இந்த மாதம் ஏற்கெனவே இரண்டு நாள் தாமதம். இன்னொரு தடவை என்றால் வேறு வேன் பார்த்துக்கொள்வோம் என்று பள்ளி அலுவலகத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். பதினோரு வருஷம் வீட்டோடு கிடந்தபின் அவளுக்குக் கிடைத்த வேலை.

வீட்டுக்காரருக்கோ கொண்டாட்டம். பெட்ரோல் அழுத்தம் பார்க்கும் பிரஷர் மீட்டர் வாங்கி எட்டு மாதமாகிறது, இன்றைக்குத்தான் அதற்கு வேளை வந்திருக்கிறது. எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும் குழாயில் மாட்டிவிட்டு, "சாவியப் போடு" என்றார். போட்டாள். பின்சீட்டுக்கு அடியில் பம்ப் முனகியது. மீட்டர் முள் சைபரை விட்டு அசையவில்லை.

"பாத்தியா? பம்ப் காலி."

"ஏங்க, சத்தம் வருதே?"

"சத்தம் வந்தா போதுமா? நீயுந்தான் சத்தம் போடுற."

பல்லைக் கடித்துக்கொண்டாள். மூன்றாவது தடவையும் சைபர். இம்முறை அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. டாஷ்போர்டைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். பிறகு வாயே திறக்காமல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு டேங்கைக் கழற்ற வேனுக்கு அடியில் புகுந்துவிட்டார். இந்த மனுஷனை என்ன செய்வது!

அவள் அரை மணி நேரம் விடாமல் மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். எடுத்ததும், பம்ப் முனகுவதையும் வீட்டுக்காரர் டேங்கைக் கழற்றுவதையும் சொன்னாள்.

"பம்ப் முனகுதுன்னா உசுரோடதான்க்கா இருக்கு. டேங்க்ல பெட்ரோல் இருக்கா?"

அவளுக்குச் சுருக்கென்றது. வேனில் பெட்ரோல் முள் வேலை செய்யாமல் நாலு வருஷமாகிறது. அதனால் பெட்ரோல் போட்டவர் அன்றைய கிலோமீட்டரைச் சீட்டில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டிவிட வேண்டும், அதுதான் வீட்டுச் சட்டம். சீட்டு கண்ணெதிரே இருந்தது, நேற்றைய தேதியில், 'ஃபுல் டேங்க்' என்று அவர் கையெழுத்தில்.

"ஃபுல் டேங்க் தம்பி. எழுதி வச்சிருக்கு."

"ஐயோ, அப்ப தனியா கழட்ட விடாதீங்க! அந்தக் கனம் அப்படியே மார்ல இறங்கிடும்."

போனை வைத்துவிட்டு ஓடிப்போய்க் குனிந்து பார்த்தாள். டேங்க் ஏற்கெனவே இறங்கியிருந்தது. வீட்டுக்காரர் அதை ஒற்றைக் கையில் தாங்கிக்கொண்டு, மறு கையால் மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"ஏங்க," என்றாள் மெதுவாக. "ஃபுல் டேங்க் இவ்ளோ லேசாவா இருக்கும்?"

மூக்கைச் சொறிந்த கை அப்படியே நின்றது.

"நேத்து பெட்ரோல் போட்டீங்களா, இல்லையா?"

"காலைல எப்படியும் போடத்தானே போறோம்னு முன்னாடியே எழுதிட்டேன். அப்புறம் மறந்துபோச்சு."

"எப்ப ஞாபகம் வந்துச்சு?"

"மூணாவது தடவ சைபர் காட்டுனப்ப."

"அப்பவே சொல்லித் தொலைச்சிருந்தா பத்து நிமிஷத்துல ஒரு கேன் வாங்கி ஊத்தியிருப்பேனே! எதுக்குங்க டேங்கக் கழட்டினீங்க?"

"திட்டுவியேன்னுதான்."

மணி மூன்றே கால். டேங்கைத் திரும்ப மாட்ட ஒரு மணி நேரமாவது ஆகும். தலையில் அடித்துக்கொள்ளலாம் என்று கையைத் தூக்கினால் அந்தக் கையில் போன் அடித்தது. பள்ளி அலுவலகம்.

"மேடம், இன்னும் கிளம்பலையா?"

பெட்ரோல் போட மறந்துவிட்டோம் என்று சொன்னால் வேலை அந்த நிமிஷமே போய்விடும். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பம்ப் போயிடுச்சுங்க மேடம். டேங்கையே கழட்டிப் போட்டுப் பாத்துட்டிருக்கோம்."

அந்தப் பக்கத்துக் குரல் இளகியது. "பம்ப் போனா நீங்க என்ன செய்வீங்க பாவம். இன்னிக்கு வேற வண்டில அனுப்பிடறோம். நாளைக்குக் காலைல சரியா வந்துடுங்க."

போனை வைத்தாள். உடம்பெல்லாம் வியர்த்திருந்தது. வேனுக்கு அடியிலிருந்து கிரீஸ் அப்பிய ஒரு தலை மெல்ல வெளியே வந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல, பம்ப்தான்னு."