நாகராஜின் வலது கால்

கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஜீப் இறங்கத் தொடங்கியதிலிருந்து, மாரீஸ்வரி பக்கத்தில் வண்டியோட்டும் தம்பியின் வலது முழங்காலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நாகராஜ் இளவட்டம். போன ஐப்பசியில் பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டதாக எக்ஸ்ரே பார்த்த டாக்டர் சொன்னார். பிசியோதெரபி கொடுக்கும் உமாதேவிதான் இரண்டு தொடைகளையும் டேப் வைத்து அளந்துவிட்டு மாரீஸ்வரியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"எலும்பு சேந்துருச்சுக்கா. சதைக்கு இன்னும் வலு வரல. முட்டி திடீர்னு விட்டுரும். வண்டியத் தொட விடாதீக."

அவன் கேட்கவில்லை. ஏலக்காய்த் தோட்டத்தில் மாரீஸ்வரியோடு வேலை செய்யும் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்பை இன்னொருவன் ஓட்டுவது அவனுக்குப் பொறுக்கவில்லை. காலையில் மலை ஏறியபோது ஒரு குறையும் தெரியவில்லை. "நாகராசு ஓட்டுனா தூங்கிக்கிட்டே போகலாம்" என்று பின்னாலிருந்து மொக்கம்மாள்கூடச் சொன்னாள்.

சாயங்கால இறக்கத்தில் தூறல் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதிக்கும்போது அவன் தொடை வெடவெடத்தது. பின்னால் பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். ஒரு வளைவில் அவன் கியரிலிருந்து இடக்கையை எடுத்து, தன் முழங்காலின்மேல் வைத்து அழுத்தினான். மாரீஸ்வரி அவன் பக்கம் சாய்ந்தாள்.

"ஏலே, ஓரமா நிப்பாட்டு."

"பேசாம வாக்கா. அவுக காதுல விழப்போகுது."

அடுத்த வளைவில் எதிரே பஸ் வந்தது. நாகராஜ் மிதித்தான். கால் ஒரு கணம் விறைத்து, துவண்டு சரிந்தது. ஜீப் பாய்ந்தது. மாரீஸ்வரி இரண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். அவன் ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்தான். மண்மேட்டில் மோதி வண்டி நின்றது. ஜீப்பின் பக்கக் கம்பியில் இடித்து மொக்கம்மாளின் மணிக்கட்டு முறிந்தது, மற்றவர்களுக்குச் சிராய்ப்பு.

"பிரேக் பிடிக்கல" என்றான் நாகராஜ், யார் முகத்தையும் பார்க்காமல்.

எல்லாரும் நம்பினார்கள். ஜீப்பின் சொந்தக்காரர் கர்ணனும் நம்பினார். "வேலை பாத்து வச்சிர்றேன். தம்பிய வரச் சொல்லும்மா" என்றார்.

"பிரேக்குல ஒண்ணுமில்லண்ணே. அவன் காலுல வலுவில்ல. அவன்கிட்ட வண்டியக் குடுக்காதீக" என்றாள் மாரீஸ்வரி.

அன்றிலிருந்து நாகராஜ் அவளிடம் பேசுவதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, உமாதேவி சொல்லிக்கொடுத்தபடி காலைத் தூக்கிப் பழகுகிறான். அடுப்படியில் நிற்கும் மாரீஸ்வரிக்கு, அது கட்டிலில் தொப்பென்று விழுவது கேட்கிறது. சற்று நேரம் சத்தமில்லை. மறுபடி விழுகிறது.

கர்ணன் ஆளனுப்பிக் கேட்டும், ஜீப் சாவியை அவன் இன்னும் கொடுக்கவில்லை.